ஏழாம் எண் கூடை

ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் வெப்பப் பெட்டியின் கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. கருவாட்டையும் கறிச்சாற்றையும் ஒன்றாக மூடி வைத்து மறுநாள் திறந்தால் வருமே, அது. நாலு வருடமாக மோந்தும் எனக்குப் பழகவில்லை.

கீழ் அடுக்கிலிருந்து ஒரு கண்ணாடித் தட்டை எடுத்தேன். மூடியின் மேல் என் கையெழுத்தில் ஏழு என்று எழுதியிருந்தது. ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தேன். நீலம் கலந்த சிவப்பில் உறைந்திருந்த தட்டில் ஐந்து பொட்டுகள். ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் மங்கலாக ஒரு வளையம்.

சில நாள் நிலாவைச் சுற்றி வட்டம் விழும். நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்போம். அந்த மாதிரி ஐந்து கோட்டைகள்.

"கெடச்சிடுச்சு" என்று வாய்விட்டே சொன்னேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். இத்தனை காலம் கழித்து அதை மறைத்து எனக்கு என்ன ஆகப் போகிறது?

அன்று மாசி மகத்துக்கு மறுநாள். எழுபதுகள் முடியப் போகிற சமயம்.

போன வாரம் எங்கள் ஆய்வகத்து முயல்கள் தப்பியோடிய கதையை எழுதினேன். படித்துவிட்டுச் சிரித்ததாக நிறையப் பேர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. இதை எழுதாமல் தாண்டிப் போய்விடலாமா என்று பத்து நாள் யோசித்தேன். தாண்ட முடியவில்லை.

மஞ்சள் இல்லை, பச்சை

நான் அப்போது உப்பளம் பக்கம் ஓர் அரசாங்க ஆய்வகத்தில் தற்காலிக டெக்னீஷியன். வீடு நெல்லித்தோப்பில். அம்மாவும் நானும் மட்டும்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மில் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்ணுக்கு மஞ்சள் நீர் விழா. மத்தியானம் பந்தி. இறால் தொக்கு, மீன் குழம்பு என்று தடபுடல். சாயந்திரமே ஒவ்வொருவராக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். மறுநாள் காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரிக்க இடம் இல்லை.

அதற்கும் மறுநாள் விடியும்போது முனுசாமி இறந்து போனார். பூப்பெய்திய பெண்ணுக்கு அத்தை புருஷன். மில்லில் நூல் பிரிவில் வேலை. பஞ்சு தின்ற நெஞ்சு அவருக்கு, ஏற்கெனவே ஒட்டி உலர்ந்த உடம்பு. வயிற்றுப்போக்கை அது தாங்கவில்லை. அவருக்கும் மனைவி பட்டம்மாவுக்கும் பிள்ளைகள் கிடையாது.

ஊர் முழுக்கக் காலரா என்று பேச்சு. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது காலரா என்றால் சைக்கிளில் சுகாதாரக்காரர் வந்து தெருவோரம் விற்கும் பானகம், கூழ்ப் பானைகளையெல்லாம் தடியால் உடைத்துவிட்டுப் போவார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கூழ்க்காரி கத்துவதும் இருக்கிறது.

ஆனால் நோயாளிகளிடமிருந்து எடுத்ததைத் தட்டில் வளர்த்துப் பார்த்தால் காலரா இல்லை. காலராக் கிருமி அந்தத் தட்டில் மஞ்சளாக வளரும். இது பச்சையாக வளர்ந்திருந்தது. கடல் உப்பில்லாமல் வாழமுடியாத, மீனிலும் இறாலிலும் நண்டிலும் குடியிருக்கிற ஒரு கிருமி. காலராவுக்குத் தாயாதி முறை.

"நோன், இல்ல, இது வேற ஆளு" என்றார் எங்கள் டாக்டர் அந்துவான். ஊரில் எல்லோருக்கும் அவர் அந்துவான் முசே, அதாவது ஐயா. அவருக்கு நான் மத்மசேல். திட்டுவது பிரெஞ்சில், சாப்பிடுவது தமிழில் என்று ஆய்வகத்தில் அவரைப் பற்றிச் சொல்வோம். ஆள் நல்லவர். முன்கோபம் மட்டும் அநியாயம்.

அஞ்சலாட்சி

பிள்ளைச்சாவடியிலிருந்து நெல்லித்தோப்புக்கு நாள் தவறாமல் மீன் கூடை சுமந்து வருவாள் அஞ்சலாட்சி. நாற்பதைத் தொட்ட வயது. புருஷன் கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. நான் அக்கா என்பேன், அவள் என்னைப் பாப்பா என்பாள். முப்பது வயதுப் பாப்பா.

அவளிடம் பேரம் பேச முடியாது. "வேணும்னா வாங்கு, வேணான்னா மூஞ்சப் பாத்துட்டுப் போ" என்பாள். செவுளைத் தூக்கிக் காட்டாமல் ஒரு மீனை விற்றதில்லை. முந்தின நாள் மீன் என்றால் அவளே, "இது கொழம்புக்கு ஆவாது பாப்பா, பூனைக்கு வேணா போடு" என்று ஒதுக்கிவிடுவாள். அந்த ஞாயிறு விழா வீட்டுக்கு மூன்று இடத்திலிருந்து மீனும் இறாலும் வந்தது. கொஞ்சம் கடலூரிலிருந்து ஒரு உறவுக்காரர் கொண்டு வந்தார். கொஞ்சம் மார்க்கெட்டில் வாங்கினார்கள். மிச்சத்தை அஞ்சலாட்சி போட்டாள்.

திங்கட்கிழமை காலை அவள் வழக்கம்போலக் கூடையோடு நெல்லித்தோப்புக்கு வந்தாள். சேதி கேட்டு, கூடையைக்கூட இறக்காமல் அந்த வீட்டுக்கே ஓடினாள். அங்கே சுகாதார ஆய்வாளர் நின்றிருந்தார். சமைத்த பாத்திரங்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். கடலூர் உறவுக்காரர் ஊருக்குப் போய்விட்டார். மார்க்கெட்டில் யாரிடம் வாங்கினோம் என்று யாருக்கும் நினைவில்லை.

ஆய்வாளர் கண்ணில் பட்டது ஒரே கூடை, முந்தின நாள் மீன் வந்த அதே கூடை. அதைக் கைப்பற்றி எங்களுக்கு அனுப்பினார். அந்த நோய்க்காக வந்த மாதிரிகளில் ஆறு நோயாளிகளுடையவை. கூடை ஏழாவது.

எப்படியிருக்கிறார்கள் என்று விசாரிக்க வந்தவள் மாட்டிக்கொண்டாள். வராமல் இருந்தவர்கள் தப்பித்தார்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

என் ரத்தத்தில் வார்த்த தட்டு

கூடையிலும் பச்சைப் பொட்டு வளர்ந்தது. வளராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கடல் மீனில் அந்தக் கிருமி இருப்பது தேங்காய்க்குள் தண்ணீர் இருப்பது மாதிரி.

சிக்கல் என்னவென்றால், மீனில் இருப்பவற்றில் பெரும்பாலானவை சாது. ஒரு குறிப்பிட்ட விஷத்தைத் தயாரிக்கும் குறிப்பு அந்தக் கிருமியின் மரபணுவில் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் ஆளைச் சாய்க்கும். எழுதியிராவிட்டால் பெரும்பாலும் வயிற்றுக்குள் வந்த வழி தெரியாமல் போய்விடும். உருவம் ஒன்று, நிறம் ஒன்று, பெயர் ஒன்று. நுண்ணோக்கியில் வைத்தால் இரண்டும் ஒரே மாதிரி துள்ளி ஓடும். யார் சாது, யார் போக்கிரி என்று கண்ணால் சொல்ல முடியாது.

மரபணுவை எட்டிப் பார்க்கும் கருவி எதுவும் அப்போது எங்களிடம் இல்லை. எங்களால் முடிந்த ஒரே வழி ரத்தம். உப்பு தூக்கலாகப் போட்ட கூழில் மனித ரத்தத்தின் சிவப்பணுக்களைக் கலந்து தட்டு வார்ப்போம். அதில் கிருமியைப் பொட்டு வைப்போம். விஷக் குறிப்பு உள்ள கிருமி தன்னைச் சுற்றியுள்ள ரத்தத்தைக் கரைத்து வளையம் போடும். சாதுக் கிருமி சும்மா இருக்கும். கனகாவா சோதனை என்று அதற்கு ஜப்பானிய ஊர்ப் பெயர். "கனகா வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் எங்கள் பியூன் தட்டுக் கழுவ வருவார்.

ரத்தம் அன்றன்றைக்குப் புதிதாக வேண்டும். ஆஸ்பத்திரியில் கேட்டால் நோயாளிக்கே இல்லை என்பார்கள். அதனால் ஊழியர்கள் முறை வைத்துக் கையை நீட்டுவோம். அந்த வாரம் என் முறை. நோயாளிகளின் தட்டும் என் ரத்தம், கூடையின் தட்டும் என் ரத்தம்.

நோயாளிகளின் தட்டில் மறுநாள் காலையே பளிச்சென்று வளையம் விழுந்துவிட்டது. கூடையில் கிடைத்த ஐந்து பொட்டுகளை மாசி மகத்துக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு வைத்தேன்.

வெப்பப் பெட்டியின் கதவில் முசே ஓர் அட்டை ஒட்டியிருந்தார். மேலே பிரெஞ்சில் மூன்று வரி. கீழே கோணல் தமிழில், 'இருபத்து நாலு மணியில் பார். தாண்டினால் பார்க்காதே.' நேரம் தாண்டினால் சாதுக் கிருமியும் வேறு ஏதோ சரக்கால் ரத்தத்தைக் கொஞ்சம் கரைத்துவிடும். அந்த மங்கல் வளையத்தை நம்பக்கூடாது.

அந்த அட்டையை நான் தினமும் பார்ப்பேன்.

சாமி வரும் வழியில்

மாசி மகத்தன்று ஆய்வகம் விடுமுறை. எங்கள் ஊரில் அன்றைக்கு யார் வேலைக்குப் போவார்கள்? சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வந்துவிடும். பத்து மணிக்குத் தட்டைப் பார்க்க முசே என்னிடம் சாவி கொடுத்திருந்தார். விடிந்ததும் அம்மாவைக் கடற்கரைக்குக் கூட்டிப் போய்விட்டு, ஒன்பதரைக்குக் கிளம்பி உப்பளம் போய்விடலாம் என்று கணக்கு.

கிளம்பும்போது யாரோ கையைப் பிடித்தார்கள். அஞ்சலாட்சி. கடலில் முங்கி எழுந்த ஈரப் புடவை, நெற்றி முழுக்க விபூதி. ஒரு வாரத்தில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"பாப்பா, என் கூடைய பரிச்ச பண்றது நீதான்னு சொல்றாங்களே, நெசமா?"

"ஆமாக்கா. அத பாக்கத்தான் போயிக்கினு இருக்கேன்."

அவள் என் கையை விடவில்லை. "மயிலத்து முருகன் தோ வந்துக்கினு இருக்குது. பாத்துட்டுப் போ பாப்பா. என் பேரச் சொல்லி ஒரு கும்புடு போடு. நான் கும்புட்டா கேக்குமோ கேக்காதோ, நீ படிச்சவ."

நின்றேன். முருகன் வந்து சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது. அவள் என் பக்கத்திலேயே நின்றாள். ஒரு பொட்டலம் பொரி வாங்கி என் கையிலும் அம்மா கையிலும் பிரித்துப் போட்டாள். சாமி எதிரே வந்ததும் ஓவென்று அழுதாள். நான் அவள் பேரைச் சொல்லிக் கும்பிட்டேன்.

அதற்கு அப்புறமும் நான் போயிருக்கலாம். நேரம் தாண்டிவிட்டது என்றால் தட்டைக் கழுவிப் போட்டுவிட்டு மறுபடி வைத்திருக்கலாம். கூட்டம், வெயில், அம்மாவுக்குக் கால்வலி. இதெல்லாம் சாக்கு. உண்மை என்னவென்றால் எனக்குச் சோம்பல். ஒரு நாளில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

குடி முழுகியது. என் குடி இல்லை.

மறுநாள் தட்டில் ஐந்து வளையங்கள். மங்கல்தான். ஆனால் நான் எதைத் தேடினேனோ அது இருந்தது. பதிவேட்டில் 'பார்த்த நேரம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் இருபத்து நாலு மணி என்று எழுதினேன். பேனா தயங்கவே இல்லை. முசே என் கையெழுத்தை நம்பித் தன் கையெழுத்தைப் போட்டார். நோயாளிகளிடம் இருந்த அதே நச்சு வகை ஏழாம் எண் மாதிரியிலும் இருக்கிறது என்று அறிக்கை போனது.

தெருக்குழாய்

அஞ்சலாட்சி இனி மீன் விற்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. கூடையை எரித்தார்கள். மூன்று இடத்து மீன் என்ற பேச்சே அதோடு அடங்கிவிட்டது. விஷக் கூடைக்காரி என்று தெருவில் பெயர் வைத்தார்கள். அவள் உப்பளத்தில் ஓர் ஐஸ் கொட்டகையில் இறால் உரிக்கும் கூலிக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். பாவம் என்று நினைத்தேன். ஆனாலும் தப்பு தப்புதானே என்றும் நினைத்தேன். அப்படி நினைத்த மனசைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சில மாதம் கழித்து அவளை எங்கள் தெருக்குழாயில் பார்த்தேன். தலையில் கூடை இல்லை, இடுப்பில் குடம் இருந்தது. பிள்ளைச்சாவடிக்காரிக்கு நெல்லித்தோப்புக் குழாயில் என்ன வேலை?

எங்கள் தெருமுனை வீட்டில் இருந்த, செத்துப்போன முனுசாமியின் மனைவி பட்டம்மாவுக்கு முட்டி வீங்கி நடக்க முடியாமல் போயிருந்தது. செவ்வாயும் சனியும் அஞ்சலாட்சி பஸ் ஏறி வந்து, அவள் வீட்டு அண்டாவையும் குடங்களையும் நிரப்பி வைத்துவிட்டுப் போவாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. பட்டம்மா வாசற்படியில் உட்கார்ந்து அவளைத் திட்டிக்கொண்டே இருப்பாள்.

"எம்புருசன முழுங்கினவளே! நீ மொண்டாந்து ஊத்தற தண்ணியில எனக்கும் எதுனா கலந்துட்டுப் போயேன்டி!"

அஞ்சலாட்சி பதிலே பேசமாட்டாள். பேரம் பேச வந்தவர்களை வாயாலேயே விரட்டிய பொம்பளை, தலை குனிந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவாள். என்னைப் பார்த்தால் லேசாகத் தலையை ஆட்டுவாள். நான் அவசரமாக வேறெங்காவது பார்ப்பேன். தப்புச் செய்தவள் அவள் என்று நம்பிக்கொண்டிருந்தபோதே ஏன் அப்படிப் பார்வையைத் திருப்பினேன் என்று தெரியவில்லை. உள்ளுக்குள் ஏதோ தெரிந்திருக்கிறது போல.

இப்படி இரண்டு வருடம்.

அதே ஐந்து குழாய்

நாங்கள் பிடித்த கிருமிகளைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் உப்புக் கூழில் குத்தி, வாயில் மெழுகு ஊற்றி, மர அலமாரியில் வைத்திருப்போம். வருடக் கணக்கில் உயிரோடு இருக்கும். வெளியூரில் ஒரு பெரிய ஆய்வகம் அந்த மாதிரிகளைக் கேட்டது. அனுப்பும் முன் ஒருமுறை சோதித்து அனுப்பச் சொன்னார் முசே.

ஏழாம் எண்ணின் ஐந்து குழாய்களையும் நோயாளிகளின் குழாய்களையும் ஒரே நாளில் வைத்தேன். சரியாக மறுநாள் அதே நேரம் எடுத்துப் பார்த்தேன். நோயாளிகளின் பொட்டுகளைச் சுற்றிப் பளிச்சென்று வளையம். ஏழாம் எண்ணில் ஒன்றும் இல்லை. ஐந்திலும் இல்லை.

ரத்தம் சரியில்லை என்று நினைத்தேன். இன்னொருத்தரின் ரத்தத்தில் மறுபடி வைத்தேன். இல்லை. மூன்றாவது முறை வைத்தேன். இல்லை. மூன்றாவது தட்டைக் கழுவாமல் வெப்பப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, அடுத்த நாள் போய்த் திறந்தேன்.

நிலா கோட்டை கட்டியிருந்தது. ஐந்தும்.

மாசி மகத்துக்கு மறுநாள் நான் பார்த்ததும் இதே இரண்டாம் நாள் வளையம்தான். அந்தக் கூடையில் நாங்கள் பிடித்த ஒரு கிருமியிடமும் விஷம் இல்லை. முனுசாமியைக் கொன்றது எந்த மீனில் வந்தது என்று எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அஞ்சலாட்சியின் மேல் பழி போட எங்கள் கையில் இருந்த ஒரே சாட்சி பொய். அந்தச் சாட்சி நான்.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. என் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு அப்போது மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது. பதிவேட்டில் பொய் நேரம் எழுதியவளை யார் நிரந்தரமாக்குவார்கள்? ஒரு மழைக்காலம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன். உத்தரவும் வந்தது. அம்மா தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள்.

அந்த வாரச் சனிக்கிழமை நல்ல மழை. குழாயடியில் அஞ்சலாட்சி வழுக்கி விழுந்தாள். குடம் நசுங்கியது. எழுந்து, முழங்கை ரத்தத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, நசுங்கின குடத்திலேயே மறுபடி தண்ணீர் பிடித்தாள். வீட்டு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

காகிதத்துக்குக் கால் இல்லை

திங்கட்கிழமை முசேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிரெஞ்சில் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

பிறகு அவரே தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து திருத்திய அறிக்கையை அடித்தார். ஏழாம் எண் மாதிரியில் நச்சு வகை இல்லை, முந்தைய முடிவு எங்கள் பிழை என்று இருந்தது. எங்கள் என்றுதான் அடித்தார். ஒரு படியை மேலே அனுப்பிவிட்டு, கார்பன் படியை என்னிடம் நீட்டினார்.

"மேல போன காயிதத்த எவனும் படிக்க மாட்டான், மத்மசேல். காயிதத்துக்குக் கால் கெடையாது. நீ போ."

அவர் சொன்னது சரி. மேலே போனது எங்கேயோ கோப்பில் படுத்துவிட்டது. உத்தரவை யாரும் ரத்து செய்யவில்லை.

செவ்வாய்க்கிழமை குழாயடியில் அவளைப் பிடித்தேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. வளையம், நேரம், மாசி மகம் என்று குழறியிருப்பேன். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப அந்த மனுசன நான் கொல்லலியா?"

"இல்லக்கா. உன் கூடையில வெசம் இல்ல."

அப்படியே குழாய் மேடையில் உட்கார்ந்தாள். "எனுக்குச் சோறு எறங்கி ரெண்டு வருசம் ஆச்சு பாப்பா" என்றாள். "மீன வாயில வச்சா அந்த ஆளு மொகந்தான் வரும். செவுளத் தூக்கிப் பாத்துத்தானே போட்டோம், எங்க தப்பு பண்ணோம், எங்க தப்பு பண்ணோம்னு..."

நான் அவள் காலைத் தொடப் போனேன். காலை இழுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கி நாந்தானே ஒன்ன நிக்கச் சொன்னேன்" என்றாள். அது கோபமா, எனக்குச் சொன்ன ஆறுதலா, தனக்கே சொல்லிக்கொண்டதா, தெரியவில்லை. வேறு எதை வேண்டுமானாலும் அவள் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"வாக்கா, பட்டம்மாகிட்ட போயி நான் சொல்றேன். காயிதம் இருக்குது."

அவள் வேகமாகத் தலையை ஆட்டினாள். "வேணாம். சொல்லாத."

"ஏன்க்கா?"

"புருசனும் இல்ல, புள்ளையும் இல்ல. என்ன திட்டறதுக்குத்தான் அது செவ்வாக்கெழம எப்ப வரும்னு குந்திக்கினு இருக்குது. நான் இல்லன்னு ஆயிட்டா, அது யார திட்டும்? சாமியையா? கெடக்குது, வுடு."

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். தெருமுனை திரும்பும்போதே பட்டம்மாவின் குரல் கேட்டது. விஷக் கூடைக்காரி வந்தாளா என்று கேட்டது அந்தக் குரல். அஞ்சலாட்சி தலை குனிந்து உள்ளே போனாள்.

ஏழு

அவள் மறுபடி மீன் விற்கவே இல்லை. நான் கேட்டும் பார்த்தேன், உத்தரவை ரத்து செய்ய அலைகிறேன் என்றேன். "கையி நடுங்குது பாப்பா" என்று விட்டுவிட்டாள். செவ்வாயும் சனியும் மட்டும் தவறவில்லை.

எண்பதுகளின் நடுவில் அந்த விஷத்துக்கான மரபணுவையே தனியாகப் பிரித்தெடுத்துவிட்டார்கள் என்று ஒரு சஞ்சிகையில் படித்தேன். இனிமேல் வளையத்தை நம்பி உட்கார வேண்டாம், கிருமிக்குள் அந்தக் குறிப்பு இருக்கிறதா இல்லையா என்று நேராகவே பார்த்துவிடலாம் என்று போட்டிருந்தது. சக ஊழியர்கள் ஆளாளுக்கு வியந்தார்கள். எனக்குப் படிக்கப் படிக்க அழுகை வந்தது.

அதற்கு அடுத்த வருடமோ என்னவோ பட்டம்மா போய்ச் சேர்ந்தாள். கடைசி மூன்று மாதம் படுக்கையில் கிடந்தவளுக்குத் தண்ணீர் பிடித்து, குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டியது அஞ்சலாட்சிதான். அப்போதும் திட்டுத்தான் கிடைத்ததாம். பாடை போகும்போது அவள் தெருமுனையில் தனியாக நின்றதைப் பார்த்தேன்.

மறுநாள் என் வீட்டுக்கு வந்தாள். முடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது.

"பாப்பா, அந்தக் காயிதம் வச்சிருக்கியா?"

பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். எடுத்து வந்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. இங்கிலீஷில் இருந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"இதுல என் பேரு எங்க இருக்குது?"

நான் காகிதத்தை மடிக்கப் போனேன்.

"காட்டு பாப்பா. தொட்டுப் பாக்கறேன்."

"பேரு இல்லக்கா. ஆய்வகத்துல பேரு எழுத மாட்டோம். நம்பர்தான்." ஏழு என்று அடித்திருந்த இடத்தைக் காட்டினேன்.

இறால் உரித்து உரித்துத் தோல் வெடித்த விரலை அந்த எழுத்தின் மேல் வைத்தாள். "இதுவா நானு?"

"ஆமாக்கா."

"திட்டறப்ப எல்லாம் என் பேரச் சொல்லித்தான் திட்டினாங்க" என்றாள். அழவில்லை. காகிதத்தை மடிப்பு மாறாமல் மடித்து என் கையிலேயே கொடுத்தாள். "ஏழுன்னா நான்தான்னு எவனுக்குத் தெரியும்? நீயே வச்சிக்க. யாராச்சும் கேட்டா, சொல்லு."

அதுதான் அவள் என் வீட்டுக்குக் கடைசியாக வந்தது. அடுத்த ஐப்பசி மழையில் பிள்ளைச்சாவடியில் இறந்து போனாள். எனக்குத் தெரியவே ஒரு மாதம் ஆனது.

எத்தனையோ வருடமாகக் காத்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. எனக்கும் வயதாகிவிட்டது. அதனால் கேட்காமலேயே சொல்கிறேன்.

அவள் பெயர் அஞ்சலாட்சி. பிள்ளைச்சாவடி. நெல்லித்தோப்புத் தெருக்களில் மீன் விற்றாள். அவள் கூடையில் விஷம் இல்லை.